கணுக்கால் சுளுக்கு: கட்டிப் போடுவதா, அசைப்பதா?

நெட் ஓரம்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாலிபால் ஆடுகிறேன். நேற்று மாலை பிளாக்குக்குக் குதித்து இறங்கும்போது எதிரணிக்காரரின் பாதத்தின் மேல் என் வலது கால் விழுந்து உள்பக்கமாக மடங்கிவிட்டது. வெளிக்கணு முட்டை அளவுக்கு வீங்கியிருக்கிறது. நொண்டிக்கொண்டு நடக்க முடிகிறது. மூன்று வாரத்தில் புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் போட்டி. வீட்டில் எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பழைய கோச்: தம்பி, பதறாதே. புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்றுப் போடு. மேலே கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டு. வீக்கம் வற்றும்வரை காலை ஊன்றவே ஊன்றாதே. வற்றியதும் கட்டோடு களத்தில் இறங்கு. நாங்கள் எல்லோரும் இப்படித்தான் ஆடினோம்.

பாண்டி பிசியோ: மாஸ்டர், பற்று தோலைச் சுடாதவரை நான் தலையிடவில்லை. ஆனால் முதல் சில நாட்கள் உருவிவிடுவது கூடாது. உள்ளே இரத்தக் கசிவு கூடும். 'ஊன்றவே ஊன்றாதே' என்பதையும் ஏற்க முடியாது. இப்படி மடங்கும்போது பெரும்பாலும் அடிபடுவது வெளிக்கணுவின் முன்பக்க ஜவ்வு. அது ஆறும்போது அளவான இழுவை கிடைத்தால்தான் புதிய நார்கள் இழுவையின் திசையில் ஒழுங்காகப் படியும். சும்மா வைத்திருந்தால் கெண்டைக்கால் மெலியும், மூட்டு இறுகும். இரண்டு மூன்று நாள் காலை உயர்த்தி வைத்து, வலி தாங்கும் அளவுக்கு மட்டும் ஊன்றட்டும். பிறகு கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும்.

மாவுக்கட்டு: அசை, அசை என்று இப்போது எல்லோரும் சொல்கிறீர்கள். கடுமையான சுளுக்குக்கு முட்டிக்குக் கீழே 10 நாள் மாவுக்கட்டு போட்டவர்கள், வெறும் குழாய் பேண்டேஜ் போட்டவர்களைவிட வேகமாகத் தேறினார்கள் என்று 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. இங்கிலாந்தில் 584 பேரை வைத்துச் செய்தது. அதற்கு என்ன பதில்?

பாண்டி பிசியோ: நியாயமான கேள்வி. அதில் சேர்க்கப்பட்டவர்கள் காலை ஊன்றவே முடியாதவர்கள். இந்தத் தம்பி நடக்கிறார். மேலும் மூன்று மாதத்தில் தெரிந்த வித்தியாசம் ஒன்பதாவது மாதத்தில் இல்லை. 10 நாள் கட்டுக்கு நான் எதிரியல்ல. வாரக்கணக்கில் கட்டி வைப்பதற்குத்தான்.

பழைய கோச்: ஐஸ் வைக்கச் சொல்லாத பிசியோவை இப்போதுதான் பார்க்கிறேன்!

பாண்டி பிசியோ: வலி குறைய வைக்கலாம், துணி சுற்றி, சிறிது நேரம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்துதல் என்ற சூத்திரத்தை 1978இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்பாடு, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று கருத்தை மாற்றிக்கொண்டார்.

பழைய கோச்: சரி, ஐஸை விடு. வீக்கம் வற்றியபின் சில்வர் பீச் மணலில் ஓடவிட்டால் கால் வலுப்பெறும். இதையாவது ஒப்புக்கொள்கிறாயா?

பாண்டி பிசியோ: கடைசிக் கட்டத்தில் ஒப்புக்கொள்கிறேன், அதுவும் யோசித்து. ஈரமணல் கடல் பக்கம் சரிந்திருக்கும். கடல் வலப்பக்கம் இருக்கும்படி ஓடினால் அடிபட்ட அதே வலது பாதம் ஒவ்வோர் அடியிலும் உள்பக்கமாகச் சாயும். உலர்ந்த மணலில் கால் எங்கே புதையும் என்றே தெரியாது. அதற்கு முன் வீட்டுத் தரையிலேயே நிறைய வேலை இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கட்டும். பழகியபின் கண்ணை மூடி நிற்கட்டும். ஜவ்வு கிழியும்போது மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் பாதிக்கப்படுகின்றன என்று பிரிட்டன் மருத்துவர் ஃப்ரீமன் 1965இலேயே எழுதினார். வீக்கம் வற்றிய கால் மறுபடி மறுபடி பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். சுவருக்கும் பெருவிரலுக்கும் உள்ள தூரம் இரு காலிலும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒற்றைக் காலில் குதித்து இறங்கி ஆடாமல் நிற்க வேண்டும். இதெல்லாம் வந்தபின் கட்டோடு ஆடட்டும். கட்டு மறுபடி சுளுக்குவதைக் குறைக்கும் என்பதில் மாஸ்டர் சொன்னது முழுக்கச் சரி.

மாவுக்கட்டு: எல்லாம் இருக்கட்டும். எலும்பு உடையவில்லை என்று யார் பார்த்தது?

பாண்டி பிசியோ: அதைத்தான் கேட்க வந்தேன். கனடாவில் 1992இல் வகுத்த ஒட்டாவா விதிகளின்படி, அடிபட்ட உடனும் பிறகும் நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, சில எலும்புகளை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே தேவை. தம்பி, இரு கணுக்களின் பின்விளிம்பை நுனிவரை அழுத்திப் பாருங்கள். பிறகு பாதத்தின் உள்பக்க வளைவின் மேலே துருத்தும் எலும்பு. கடைசியாக, சுண்டுவிரலிலிருந்து வெளி ஓரமாகப் பின்னோக்கி வந்தால் நடுவில் தட்டுப்படும் மேடு.

நெட் ஓரம்: கணுவில் பெரிதாக வலி இல்லை அண்ணா. கடைசியாகச் சொன்ன மேட்டில் விரல் வைத்தாலே உயிர் போகிறது.

பாண்டி பிசியோ: அப்படியானால் பயிற்சிப் பேச்சு இப்போது வேண்டாம். இதே மாதிரி மடங்கும்போது அந்த எலும்பின் ஓரம் பிய்ந்துவிடுவது உண்டு. முதலில் எக்ஸ்ரே, எலும்பு மருத்துவர். அதுவரை ஊன்ற வேண்டாம்.

பழைய கோச்: நான் முதலிலேயே ஊன்றாதே என்றுதான் சொன்னேன்! தம்பி, வீடு எந்தத் தெரு என்று தனியாக எழுது. காலையில் பைக்கில் வந்து அழைத்துப் போகிறேன். பற்றுப் போட்டிருந்தால் கழுவிவிட்டு வா, எக்ஸ்ரே அறையில் திட்டுவார்கள்.