மயிலைக் காளையின் திமில்: எது நிறம், எது நிழல்?

வெட்டுத்துணி கேட்டது:

வணக்கம். நான் திருப்பூர்ப் பக்கம். பனியன் கம்பெனிகளில் கட்டிங் டேபிளில் விழும் வேஸ்ட் துணியைக் கிலோக் கணக்கில் வாங்கி, வெட்டி ஒட்டி, மேலே கொஞ்சம் நூல் வேலையும் கொஞ்சம் பெயின்ட்டும் சேர்த்து மாடுகள் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய படம் எல்லாம் இல்லை, பயிற்சிதான். எல்லாம் ஏ4 தாள் அளவு.

அடியில் காடா துணி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது. அதன் மேல் மெலஞ்ச் துணிகள். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: சாதாரண சாம்பல் துணி என்பது நெய்த பிறகோ பின்னிய பிறகோ சாயத்தில் முக்கியது. மெலஞ்ச் அப்படி இல்லை. பஞ்சு நிலையிலேயே கருப்பையும் வெள்ளையையும் கலந்து நூற்றுவிடுவார்கள். எவ்வளவு கருப்பு சேர்க்கிறார்களோ அவ்வளவு அடர்த்தி. எக்ரு மெலஞ்ச், கிரே மெலஞ்ச், ஆந்த்ரா மெலஞ்ச் என்று வரிசையாகக் கருத்துக்கொண்டே போகும். கிட்டே வைத்துப் பார்த்தால் வெள்ளையில் கருப்பு மயிர் மயிராக ஓடியிருக்கும். காங்கேயம் மயிலைக் காளையின் (சாம்பல் நிறக் காளை) தோலுக்கு இதைவிடப் பொருத்தமான துணி எனக்கு அகப்படவில்லை. சாயத்தில் முக்கிய சாம்பலை வைத்தால் சிமென்ட் மாடு மாதிரி இருக்கிறது.

இப்போது பிரச்சினை. கண்ணபுரம் சந்தையில் உச்சி வெயிலில் எடுத்த ஒரு காளை ஃபோட்டோவை எடுத்துக்கொண்டேன். செல்போனில் கருப்பு வெள்ளையாக்கி, ஐந்து டோனாக (வெளுப்பிலிருந்து கருப்பு வரை ஐந்து படிகளாக) பிரித்து, ஒவ்வொரு டோனுக்கும் ஒரு துணி என்று வெட்டினேன். திமிலும் கழுத்தும் ஆந்த்ரா. வயிற்றின் கீழ்ப்பகுதியும் ஆந்த்ராதான் என்று ஃபோட்டோ சொல்கிறது. அப்படியே ஒட்டினேன். காளை தட்டையாகப் படுத்துவிட்டது. திமில் மேடாகவே தெரியவில்லை, பள்ளம் மாதிரி உள்ளே போகிறது. வீட்டில் பார்த்தவர்கள் "மாடு மழையில நனைஞ்சிருக்கா?" என்று கேட்கிறார்கள்.

உடம்பில் இருக்கும் கருப்பையும் நிழலின் கருப்பையும் துணியில் எப்படித் தனித்தனியாகக் காட்டுவது? இன்னொன்று, பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்கிறது, அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

நூல்கண்டு பதில்:

சுருளுவதற்கு முதலில். வெட்டுவதற்கு முன்பே பின்பக்கம் மெல்லிய ஃபியூசிங் கேன்வாஸ் (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) வைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். காலர் பட்டிக்குப் போடுகிற கெட்டியான கேன்வாஸ் வேண்டாம், ஊசி இறங்காது. ஆனால் அலைதாடிக்கு (கழுத்தின் கீழ் தொங்கும் தோல்) மட்டும் கேன்வாஸ் போடாமல் விட்டுப் பாருங்கள். துணியை லேசாக இழுத்துவிட்டால் ஓரம் தானாகச் சுருளும், அலைதாடியின் மடிப்பு சும்மா கிடைத்துவிடும்.

டோனைப் பற்றி: ஐந்து அதிகம் என்று நினைக்கிறேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எத்தனை தெரிகிறதோ அத்தனை போதும். எனக்கு மூன்றுக்கு மேல் தெரிந்ததே இல்லை.

---

ஊசிமுனை பதில்:

ஐந்தா மூன்றா என்பது இங்கே பிரச்சினை இல்லை என்று தோன்றுகிறது. ஃபோட்டோ பொய் சொல்லவில்லை. உச்சி வெயிலில் திமிலும் வயிறும் உண்மையிலேயே ஒரே சாம்பலாகத்தான் இருக்கும்.

யோசித்துப் பாருங்கள். வெயில் நேராகத் தலைக்கு மேலே. அது முழுசாக விழுகிற இடம் திமில். ஆனால் திமிலின் மயிர் கருப்பு. வெயில் விழாத இடம் வயிற்றின் அடி. அங்கே மயிர் வெளுப்பு. வெயிலில் நிற்கும் கருப்பும் நிழலில் நிற்கும் வெளுப்பும் நடுவில் சந்தித்துக்கொள்கின்றன. கேமரா இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கிறது. இதை விலங்குகளின் உடம்பில் கவனித்து எழுதியவர் ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர், 1896ல். முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும் பிராணிகளில் மேலிருந்து விழும் வெளிச்சம் அந்த வேறுபாட்டைச் சமன் செய்துவிடுகிறது, உருண்டையான உடம்பு தட்டையாகத் தெரிகிறது, அதனால் பார்ப்பவன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது என்றார். அப்புறம் அவர் ஃப்ளெமிங்கோவின் சிவப்பு கூட அந்தி வானத்தில் மறைவதற்குத்தான் என்கிற அளவுக்குப் போய்விட்டார், அதை விடுங்கள். முதல் விஷயம் சரியானது. உங்கள் காளைக்கு ஒளிந்துகொள்ளும் தேவை இல்லாவிட்டாலும் கணக்கு அதேதான்.

அதனால் டோனை மட்டும் நம்பி அந்தத் திமிலை மேலே தூக்க முடியாது. பென்சிலில் இதற்கு வழி குறைவு. துணியில் நிறைய இருக்கிறது. நான் செய்வது இது: உடம்பின் நிறத்தை ஒரு பொருளால் செய்வேன், நிழலை வேறு ஒரு பொருளால் செய்வேன். இரண்டையும் கலக்கவே மாட்டேன்.

நிறத்துக்கு உங்கள் மெலஞ்ச். வெயில், நிழல் எதையும் நினைக்காமல், மேகமூட்டமான நாளில் அந்த மாடு எப்படி இருக்குமோ அப்படி முழு மாட்டையும் ஒட்டி முடித்துவிடுங்கள். திமில் ஆந்த்ரா, விலா கிரே, வயிறு எக்ரு. கருப்பு வெளுப்போடு சேரும் இடத்தில் கத்தரியால் நேர்கோடு போடாதீர்கள். பனியன் துணியின் கண்ணிகளைக் கொஞ்சம் பிரித்துவிட்டு, கலைந்த ஓரத்தை அடுத்த துணியின் மேல் படியவிட்டுச் சின்னத் தையலால் பிடியுங்கள். மாட்டின் நிறத்துக்கு ஓரமே இருக்காது, கரைந்துகொண்டு போகும்.

நிழலுக்குக் கருப்பு நெட் துணி. ஜாக்கெட் கை வைக்கிறார்களே, அந்த மெல்லிய நெட். அதை வயிற்றின் மேல் ஒரு அடுக்கு போட்டால் எக்ரு அப்படியே ஒரு படி இறங்கும், ஆனால் அடியில் வெள்ளை இருப்பது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டாவது அடுக்கு போட்டால் இன்னும் ஒரு படி. தொடை வயிற்றோடு சேரும் இடத்துக்கு மட்டும் மூன்று. நெட்டுக்கு ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை, கத்தரித்த கோடு அப்படியே நிற்கும். நிழலுக்கு அப்படி ஒரு கோடு இருப்பது நல்லதே, வெயில் நிழல் கூர்மையாகத்தான் விழும். ஆர்கன்சாவும் வைக்கலாம், ஆனால் அது நூல் நூலாகப் பிரியும். பாலியெஸ்டர் ஆர்கன்சா என்றால் ஊதுபத்தி நுனியால் ஓரத்தைத் தொட்டு உருக்கிவிடலாம். இஸ்திரிப் பெட்டியை மட்டும் நேராக வைத்துவிடாதீர்கள், நெட் பொசுங்கிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, சூட்டைக் குறைத்து வையுங்கள்.

இனி திமில். அங்கே நெட்டே வரக்கூடாது. வெயில் அங்கேதான் விழுகிறது. கருப்பின் மேல் வெயில் விழுந்தால் கருப்பு வெளுப்பதைவிட மினுங்குவதுதான் அதிகம். இதற்கு ஆரி வேலைக்கு விற்கும் பளபளப்பு நூல் போதும், கடையில் பட்டு நூல் என்பார்கள், பெரும்பாலும் ரேயான்தான். கருப்பு நூலையே எடுங்கள், வெள்ளையோ சாம்பலோ வேண்டாம். மயிர் படிந்திருக்கும் போக்கிலேயே நீளமும் குட்டையுமாகத் தையல் போடுங்கள். திமிலின் உச்சியில் மயிர் வளைந்து இறங்கும் இடத்தில் தையலின் திசையும் வளையட்டும். ஒரே நூல், ஒரே கருப்பு, ஆனால் திசை மாறும் இடத்தில் ஒரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், மறுபக்கம் இருண்டு நிற்கும். படத்தைக் கையில் பிடித்து லேசாகச் சாய்த்தால் அந்த வெளிச்சம் திமிலின் மேல் நகரும். திமிலின் பின்சரிவுக்கு மட்டும் மினுக்கம் இல்லாத பருத்தி நூல். மினுங்கும் நூலால் ஆழமான இருட்டைக் கொண்டுவர முடியாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு ஒளியைப் பிடித்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டுச் செல்போனில் கருப்பு வெள்ளையாக எடுத்துப் பார்த்தால் திமிலும் வயிறும் இப்போதும் கிட்டத்தட்ட ஒரே டோனாகத்தான் இருக்கும். அதனால் பரவாயில்லை. நேரில் பார்க்கிற கண் இரண்டையும் குழப்பிக்கொள்ளாது.

புள்ளிமான் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். புள்ளி வெள்ளை என்று எல்லாவற்றையும் ஒரே வெள்ளை நூலால் குத்திவிடுகிறார்கள். வயிற்றுப் பக்கம் நிழலில் இருக்கும் வெள்ளைப் புள்ளி, முதுகில் வெயில் படும் செம்பழுப்பைவிட இருட்டாகக்கூட இருக்கலாம். புள்ளியை வெள்ளையாகவே தைத்துவிட்டு மேலே நெட் போடுங்கள். அப்புறம், புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. வரிசை வரிசையாக ஓடும், விலாவின் அடிப்பக்கம் கிட்டத்தட்டக் கோடாகவே சேர்ந்துவிடும். உடம்பு வளைந்து திரும்பும் இடத்தில் வட்டம் முட்டையாகி, இடைவெளியும் நெருங்கும். அதைச் சரியாக வைத்தாலே பாதி உருண்டை வந்துவிடும், நிழலே தேவைப்படாது.

---

தொழுவம் பதில்:

எனக்குத் தையல் தெரியாதுங்க, மாடு தெரியும். ரெண்டு விஷயம் மட்டும்.

காளை என்றால் திமில், கழுத்து, முன்சப்பை, பின்சப்பை எல்லாம் கருக்கும். நடுவுடம்பு வெளுப்பாக நிற்கும். வயது ஏற ஏற அந்தக் கருமை கூடும். காயடித்த எருது அப்படி இருக்காது, உடம்பு முழுக்கச் சாம்பலாகிவிடும். கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் பிறக்கும், சில மாதத்தில் நிறம் மாறி மயிலை ஆகும். சந்தை ஃபோட்டோக்களில் எருதைப் பார்த்து வரைந்துவிட்டுக் காளை என்று பேர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் பார்த்தவுடன் கேட்டுவிடுவார்கள்.

கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கருப்பு வளையம் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். அது நிழல் இல்லை, நிறம்தான். மேலே சொன்ன கணக்குப்படி அதற்கு நெட் போடக்கூடாது என்று நினைக்கிறேன், சரிதானே?

இன்னொன்று. எங்கள் செம்மண் காட்டில் மாடு வெயிலில் நின்றால் வயிற்றின் அடி வெறும் சாம்பலாக இருக்காது. தரையில் பட்ட வெளிச்சம் மேலே அடித்து அடிவயிறு லேசாகச் செவந்து தெரியும். சிமென்ட் தரையில் கட்டியிருந்தால் அது வராது.

---

கடுக்காய் பதில்:

தொழுவம் அண்ணா சொன்ன அந்தச் செம்மண் வெளிச்சத்துக்குக் கருப்பு நெட்டின் அடியில் காவி நிற நெட் ஒரு அடுக்கு வைத்தால் போதும்.

கருப்புக்கு நான் வேறு வழி சொல்கிறேன், மெலஞ்சை விட்டு காடா துணியிலேயே வேலை செய்ய விரும்பினால். கலம்காரிக் கருப்பு, அதாவது துணியில் கையால் எழுதும் ஓவியத்துக்குப் போடும் கருப்பு. கருப்பூர் கலம்காரிக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் ஊரிலேயே இருக்கும் வித்தை. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டு, புளித்த பிறகு வடித்தெடுத்த நீர்தான் மை. தொடும்போது வெளிறித்தான் இருக்கும், துணியில் இருக்கும் கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்த கணமே கருக்கும். பால் இருப்பதால் கோடு பரவாது. அந்த மையில் தண்ணீர் சேர்க்கச் சேர்க்கச் சாம்பல் படிகள் கிடைக்கும். திமிலில் மையைக் கெட்டியாக வைத்துவிட்டு, விலாப் பக்கம் ஈரத் தூரிகையால் இழுத்தால் ஊசிமுனை சொன்ன கரைகிற ஓரம் தைக்காமலே வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: இரும்பு மையைக் கெட்டியாகப் பூசினால் வருடங்கள் போகப் போக அந்த இடத்துத் துணியை அது அரித்துவிடும். பழைய கலம்காரித் துணிகளில் கருப்புக் கோடு இருந்த இடம் மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அதனால் கருப்பு தேவைப்படும் இடத்தில் மையை ஒரு முறை வைத்துவிட்டு, மிச்ச ஆழத்தை நூலால் கொண்டுவாருங்கள். பாலியெஸ்டர் கலந்த துணியில் இந்த வேலையே நடக்காது, சுத்தப் பருத்தியாகப் பார்த்து எடுங்கள்.

---

வெட்டுத்துணி பதில்:

எல்லாருக்கும் நன்றி. அந்தக் காளையைப் பிரிக்கவில்லை. வயிற்றில் ஒட்டியிருந்த ஆந்த்ராவை மட்டும் உரித்து எடுத்துவிட்டு எக்ரு வைத்து, காவி நெட் ஒன்று, கருப்பு நெட் ஒன்று போட்டுப் பார்த்தேன். நிழல் நிழலாக உட்கார்ந்துவிட்டது. நனைந்த மாதிரி இப்போது யாரும் சொல்லவில்லை.

தொழுவம் அண்ணா, கண் வளையத்துக்கு நெட் போடவில்லை, கருப்புப் பருத்தி நூலில் நெருக்கமாகத் தைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன பிறகு ஃபோட்டோவை மறுபடி பார்த்தேன், பின்சப்பையிலும் கருமை நன்றாகவே இருக்கிறது. வாலின் நிழல் என்று நினைத்து அங்கே வெறும் கிரே வைத்திருந்தேன், மாற்ற வேண்டும்.

ஊசிமுனை அக்கா, திமிலுக்குத் தையல் ஆரம்பித்துவிட்டேன். ஒரு சந்தேகம். மெலஞ்சுக்குப் பின்னால் கேன்வாஸ், அதற்கும் பின்னால் கஞ்சி போட்ட காடா. ஆரி ஊசி இறங்கவே மாட்டேன் என்கிறது. சாதாரண ஊசியில் கையாலேயே தைத்துக்கொண்டு போகட்டுமா, இல்லை திமிலை மட்டும் தனித்துணியில் ஃப்ரேம் கட்டித் தைத்து, அப்புறம் வெட்டி ஒட்டலாமா? ஒட்டினால் ஓரம் தெரியுமே என்று யோசனையாக இருக்கிறது.

---

ஊசிமுனை பதில்:

தனியாகத் தைத்தே ஒட்டுங்கள், ஆனால் முழுசாகத் தைத்து முடிக்காதீர்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் தைக்காமல் விடுங்கள். ஒட்டிய பிறகு அந்த ஒரு விரல் இடத்தைச் சாதாரண ஊசியால், இரண்டு துணியின் மேலும் மாறி மாறிப் போய் வருகிற மாதிரி தைத்தால் ஓரம் மறைந்துவிடும். அந்தப் பகுதியில் கஞ்சி இறுக்கமாக இருந்தால் பின்பக்கம் ஈரத் துணியால் தொட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஃபோட்டோ போடுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தது.