பனியுகக் கட்டுரையில் ஒரு வரி: எதை வைத்துச் சரிபார்ப்பது?

பனியுகங்கள் பற்றிக் குறிப்பு எழுத ஓர் இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையைப் படித்தேன். 1,00,000 ஆண்டுக்கு ஒருமுறை பனி பெருகிக் குறையப் பூமியின் சுற்றுப்பாதை வடிவம் மாறுவதுதான் காரணம் என்று அடித்துச் சொல்கிறது.

இங்கேதான் இடிக்கிறது. அந்த மாற்றத்தால் ஆண்டு முழுதும் நமக்குக் கிடைக்கும் வெயில் மிகச் சிறிதளவே கூடிக் குறையும். அதோடு, சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை சுழற்சி 41,000 ஆண்டுதான். அது பூமியின் அச்சுச் சாய்வு மாறும் கால அளவோடு பொருந்துகிறது. பிறகு சுழற்சி 1,00,000 ஆண்டாக ஏன் நீண்டது என்பதில் ஆய்வாளர்களிடம் இன்னும் ஒருமித்த முடிவில்லை. கட்டுரை இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

மேற்கோள் இணைப்பைச் சொடுக்கினேன், திறக்கவில்லை. திருத்த வரலாற்றில் வரி சேர்ந்த தேதி இருக்கிறது, ஆதாரம் இல்லை. உரையாடல் பக்கம் காலி. ஆங்கிலப் பதிப்போ இதைத் தீராத சிக்கல் என்கிறது.

மற்றபடி எண்கள் சரி: குவாட்டர்னரி (நாம் இன்று வாழும் புவியியல் காலம்) தொடங்கியது 25.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனி உச்சத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்வு. அதனால் கட்டுரையை மொத்தமாக ஒதுக்கவும் மனமில்லை.

புவியியல், காலநிலை படித்தவர்களே, காரணம் சொல்லும் இந்தப் பகுதியைச் சரிபார்க்க எந்தப் பாடநூலை முதலில் பார்க்கலாம்?