பாய்மரப் படகின் பின்பக்க ரெயிலில் சோலார் பேனல்: இரண்டு கிளாம்ப் போதுமா?

கேள்வி:

10 மீட்டர் பாய்மரப் படகு. பின்பக்க ரெயில் (தள ஓரத்தின் பாதுகாப்பு வேலி) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், வெளிவிட்டம் 25 மி.மீ. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு 100 வாட் பேனல் மாட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 105 × 54 செ.மீ., ஏறக்குறைய 7 கிலோ, அலுமினியச் சட்டம். நீளப்பக்கத்தை மேல் குழாயில் இரண்டு கிளாம்பால் பிடித்து, வெயிலுக்கு ஏற்பச் சாய்க்கவும், கரை அணையும்போது கீழே மடக்கவும் நினைக்கிறேன். இரண்டு கிளாம்ப் தாங்குமா? சட்டத்தில் புதுத் துளை போடலாமா? இணைப்பு சீரீஸா, பேரலலா? பேட்டரி 12 வோல்ட். பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வரை ஒயர் 8 மீட்டர் ஓடுகிறது.

பதில் 1:

எடையைத் தாங்கும், காற்றைத் தாங்காது. கணக்கைப் பாருங்கள்: 50 நாட் (மணிக்குச் சுமார் 93 கி.மீ.) காற்று பேனலின் முகத்தில் நேராக அடித்தால் 28 கிலோ அளவுக்கு விசை வரும். அது குழாயிலிருந்து 27 செ.மீ. தள்ளி இழுக்கிறது. உருண்டைக் குழாயை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்தத் திருகலுக்குக் கிளாம்ப் வழுக்கிச் சுற்றிவிடும். காற்று பாதியானால் விசை கால்பங்காகக் குறையும், அதனால்தான் சாதாரண நாளில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிகிறது.

எனவே கிளாம்ப் கீல் வேலையை மட்டும் செய்யட்டும். சாய்வைப் பிடித்து நிறுத்துவது முட்டுக்கம்பியின் வேலை. பேனலுக்கு இரண்டு முட்டு, வெளி ஓரத்தின் இரு மூலைக்கும் அருகில். ஒரே முட்டுக்கம்பியை நடுவில் கொடுத்தால் சட்டம் முறுக்கிக்கொண்டு கண்ணாடி விரிசல் விடும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களாக எடுத்து, துளை வழியாக உலோக ஊசி (பின்) செருகிப் பூட்டுங்கள். கைத்திருகால் இறுக்கும் வகை வேண்டாம், படகின் அதிர்வில் மெல்ல மெல்ல இறங்கிவிடும். காற்று கீழிருந்து பேனலைத் தூக்கவும் செய்யும் என்பதால் முட்டு தள்ளுவதையும் இழுப்பதையும் தாங்க வேண்டும். வெறும் கயிறு உதவாது.

கிளாம்ப் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், இரண்டாகப் பிரியும் வகையாக இருந்தால் ரெயிலைக் கழற்ற வேண்டியதில்லை. வாங்குமுன் வெர்னியர் வைத்துக் குழாயை அளந்துவிடுங்கள், 25 மி.மீ.க்கும் 25.4 மி.மீ.க்கும் ஒரே கிளாம்ப் சரியாக உட்காராது.

இன்னொன்று: பின்பக்க விளக்கு 135 பாகைக்குத் தெரிய வேண்டும். பேனலை மடக்கிய நிலையிலும் அது மறைகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள்.

பதில் 2:

துளை பற்றி. முதலில் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் துளைகளைப் பயன்படுத்தப் பாருங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் சட்டத்தின் கீழ் மடிப்பில் மட்டும். எம்6 போல்ட்டுக்கு 6.5 மி.மீ. துளை. மடிப்புக்கும் பேனலின் முதுகுக்கும் இடையே ஒரு மரத்துண்டைச் செருகிக்கொண்டு துளையிடுங்கள். டிரில் முனை பேனல் முதுகின் வெள்ளைத் தாளைக் கீறினாலே போதும், ஈரம் உள்ளே போய்ச் சோலார் செல்கள் அரிபடத் தொடங்கும். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேராகத் தொட்டு, நடுவே உப்புநீர் நின்றால் அலுமினியம்தான் தின்னப்படும். போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான் அடையாளம். நைலான் வாஷர், போல்ட் தண்டுக்கு நைலான் உறை, மேலே டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக் போன்ற அரிப்புத் தடுப்புப் பசை: மூன்றும் வேண்டும். நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு) மின்சார டிரைவரால் விரட்டி இறுக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் மரை சூடேறி ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பசை தடவி, கை ஸ்பேனரால் நிதானமாக.

பதில் 3:

உங்கள் அமைப்புக்குப் பேரலல்தான். இரு பக்கப் பேனலும் வெவ்வேறு சாய்வில் நிற்கும், பூம் எனும், பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் கிடைக்கம்பத்தின் நிழலும் ஒன்றில் மட்டும் விழும். சீரீஸில் போட்டால் குறைந்த கரண்ட் தரும் பேனல் மற்றதையும் கீழே இழுக்கும். பேரலலில் வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் நல்ல பேனல் தன் பங்கை முழுதாகக் கொடுக்கும்.

பேரலலுக்குக் கொடுக்கும் விலை ஒயர்தான்: கரண்ட் கூடுவதால் தடித்த ஒயர் வேண்டும். இரண்டும் சேர்ந்து 11 ஆம்பியர், போக வர 16 மீட்டர். 4 சதுர மி.மீ. ஒயரில் 0.77 வோல்ட் இழப்பு, 6-இல் 0.5, 10-இல் 0.3. வெயிலில் சூடான பேனலின் வோல்ட் ஏற்கெனவே இறங்கியிருக்கும், அதனால் 6-க்குக் கீழே போகாதீர்கள். ஈயம் பூசிய செம்பு ஒயராக இருக்கட்டும். எம்பிபிடி (பேனலிலிருந்து அதிகபட்ச மின்திறனை எடுக்கும்) கன்ட்ரோலர் 20 ஆம்பியர், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 25 ஆம்பியர் பியூஸ். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல், கழற்றும்போது தலைகீழ். தளத்துக்குள் நுழையுமுன் ஒயர் கீழே தொங்கி வளைந்து மேலேறினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேட்டவர்:

நன்றி. ரெயிலின் கீழ்ப்பகுதி இரண்டாவது குழாய் அல்ல, கம்பிவடம். முட்டின் அடியை அதில் பிடிக்கலாமா?

பதில் 1:

வேண்டாம். வடம் வளைந்துகொடுக்கும், முட்டு ஆடும், வடமும் உராய்ந்து இழை அறும். ஆள் சாய்ந்தால் காப்பாற்ற வேண்டிய வடம் அது. செங்குத்துத் தூண்கள் இரண்டிலும், தளத்திலிருந்து 20 செ.மீ. உயரத்தில் கிளாம்ப் போட்டு அங்கே அடியைப் பூட்டுங்கள். தூண்களின் இடைவெளி பேனலுக்குப் பொருந்தாவிட்டால் இரண்டுக்கும் குறுக்கே ஒரு 25 மி.மீ. குழாய் மாட்டி அதில் முட்டுக் கொடுங்கள். மாட்டியபின் வெளிமூலையைக் கையால் பிடித்து மேலும் கீழும் உலுக்கிப் பாருங்கள்: முட்டு ஆடினால் ஊசி செருகும் துளை பெரிது, ரெயிலே ஆடினால் தூணின் அடித்தட்டு போல்ட் தளர்ந்திருக்கிறது.