108-ல் சொன்னது கேஷுவால்டியில் போய்ச் சேர்ந்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இ.எம்.டி. (108 வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர்), செக்கானூரணி பக்கம்

அலங்காநல்லூர் தாண்டி ஒரு கரும்புத் தோட்டம். லைட் போடும் நேரம். வேலைக்கு வந்த அக்காவுக்குக் கணுக்காலில் கடி. கண்ணாடி விரியன்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், பாம்பைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வீக்கம் எதுவரை ஏறியிருந்ததோ அங்கே பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்திலேயே மணியும் எழுதினேன். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் வீக்கம் கோட்டைத் தாண்டியது. இன்னொரு கோடு. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் மூன்றாவது, முழங்காலுக்கு நாலு விரல் கீழே.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல விரும்பவில்லை. "கடித்து ஒன்றரை மணி நேரம் இருக்கும் சிஸ்டர், வீக்கம் ஏறிக்கிட்டே இருக்கு, கோட்டைப் பாருங்க" என்றேன். தலையாட்டினார். கவனம் பக்கத்துக் கட்டிலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர் மேல். கையெழுத்து வாங்கிக்கொண்டு நான் திரும்பினால், இன்னொரு சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சால் அந்தக் காலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சேற்றுக் கால்தானே, ஊசி போட இடம் பார்த்திருப்பார். மூன்று கோடும் கரைந்து நீலமாக வழிந்தது.

டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வியே, "வீக்கம் ஏறுதா, அப்படியே நிக்குதா?"

நான் அங்கேயே நின்றதால் சொல்ல முடிந்தது. அந்த அக்கா பிழைத்துக்கொண்டார். அடுத்த போன் வந்து நான் கிளம்பியிருந்தால் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்? இன்னும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டாஃப் நர்ஸ், எமர்ஜென்சி, மதுரை

தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ராத்திரி டூட்டியில் ஒரே நேரத்தில் மூன்று ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும். எவ்வளவு அவசரம், சிவப்பா மஞ்சளா பச்சையா என்று பிரிக்கவே நேரம் போதாது. அதற்குள் ஒருவர் நடந்துகொண்டே கேஸைச் சொல்வார், சொல்லி முடிப்பதற்குள் பேப்பரை நீட்டுவார், "சைன் சிஸ்டர், ஸ்ட்ரெச்சர் வேணும் சிஸ்டர்" என்பார். எங்கள் காதில் விழுவது கடைசி வார்த்தை மட்டும்தான்.

என் மனதை விட்டுப் போகாதது வேறு ஒரு கேஸ். காலை ஆறரை மணிக்கு வீட்டில் சுருண்டு கிடந்தவரைத் தூக்கிவந்தார்கள். வலது கை, வலது கால் வரவில்லை, பேச்சும் இல்லை. "எப்ப வந்ததுன்னே தெரியலம்மா, ராத்திரி நல்லாத்தான் படுத்தாரு" என்று மனைவி அழுகிறார். ராத்திரி படுத்ததிலிருந்து கணக்குப் போட்டால் மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது என்றுதான் வரும். ஆனால் அழைத்துவந்த இ.எம்.டி. தம்பி அவருடைய போனை எடுத்து என்னிடம் காட்டினார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு 5.10-க்குப் போன் போயிருக்கிறது. தம்பி வண்டியிலிருந்தே அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். "மல்லி விலைக்கு எங்கிட்டச் சண்டை போட்டாரு சார், வார்த்தை தெளிவாத்தான் இருந்துச்சு" என்றாராம் கடைக்காரர்.

அந்த 5.10-ஐ பிளாஸ்டரில் எழுதி அவர் சட்டையிலேயே ஒட்டியிருந்தார் தம்பி. நான் ஒரு வார்த்தைகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நேரே சி.டி. ஸ்கேன், ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்ததும் ஊசி.

அதனால் எல்லா வண்டிக்காரர்களும் ஒன்று, எல்லா நர்ஸும் ஒன்று என்று பேசாதீர்கள்.

பைலட் (108 வண்டி ஓட்டுநர்), உசிலம்பட்டி பக்கம்

சிஸ்டர், ஸ்ட்ரெச்சருக்கு ஏன் அவசரப்படுகிறோம் என்று நினைக்கிறீர்கள்? உள்ளே டிராலி காலி இல்லை என்றால் எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே பேஷன்ட் கிடப்பார். அந்த நேரம் பேரையூர் பக்கம் ஒரு பிரசவக் கேஸ் வந்தால் எந்த வண்டி போகும்? போன் அடித்துக்கொண்டே இருக்கும். அதையும் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள்.

என் கதை வாசலிலேயே நடந்தது. மருந்து குடித்த கேஸ். வீட்டில் கிடந்த பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்லி அவர் சம்சாரத்திடம் கொடுத்திருந்தோம். ஆஸ்பத்திரி கேட்டில் ஒரு அட்டெண்டர்தான் உள்ளே போகலாம் என்று செக்யூரிட்டி நிறுத்த, கொழுந்தனார் முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாட்டில் வெளியே, அந்த அம்மாவின் முந்தானைக்குள். உள்ளே என்ன மருந்து என்று கேட்டதற்குக் கொழுந்தனார் "பூச்சி மருந்துதான் சார், வயலுக்கு அடிக்கிறது" என்றிருக்கிறார். எங்கள் இ.எம்.டி. அதெல்லாம் இல்லை, களைக்கொல்லி என்று சொல்லியும், சொந்தக்காரர் சொல்வதுதான் எடுபட்டது. நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வந்து, "ஐயா, இதை யாருகிட்ட குடுக்கிறது?" என்று முந்தானையை விரித்தார். லேபிளைப் பார்த்தேன். பாராக்குவாட். வாங்கிக்கொண்டு ஓடினேன். செக்யூரிட்டி பிடித்தும் நிற்கவில்லை. உள்ளே ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியாகிவிட்டது, டாக்டர் லேபிளைப் பார்த்துத்தான் கழற்றச் சொன்னார். இந்த மருந்துக்கு ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் கெட்டுப்போகுமாம்.

அவர் நாலாம் நாள் இறந்துவிட்டார். பாட்டில் முன்னாலேயே போயிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். கஷ்டம்தான் என்றார். இருந்தாலும் அந்த அம்மா முந்தானையை விரித்ததுதான் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

ஓய்வு பெற்ற ஹெட் நர்ஸ்

எல்லாவற்றையும் படித்தேன். 2008-ல் 108 வருவதற்கு முன்னால் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவிலும் கிடைத்த வண்டியிலும் அடிபட்டவர்களைப் போட்டுவிட்டுப் போவார்கள். என்ன நடந்தது என்று சொல்ல ஆளே இருக்காது. இன்றைக்குச் சொல்ல ஆள் இருக்கிறார், கேட்கத்தான் ஆள் இல்லை என்றால் எனக்கு மனது தாங்கவில்லை.

இருவருக்கும் சொல்கிறேன். பேஷன்ட்டை டிராலிக்கு மாற்றுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். மாற்ற ஆரம்பித்தால் எல்லார் கையும் வேலைக்குப் போய்விடும், காது மூடிக்கொள்ளும். உயிருக்கு உடனே ஆபத்து இல்லையென்றால் அரை நிமிடம் யாரும் எதையும் தொடாமல் கேளுங்கள். சி.பி.ஆர். போய்க்கொண்டிருந்தால் அது வேறு, கையை எடுக்கக் கூடாது. சொல்பவர் இந்த வரிசையில் சொல்லட்டும்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, உடம்பில் எங்கே என்ன இருக்கிறது, பி.பி., பல்ஸ், ஆக்சிஜன், சுகர் எவ்வளவு, வண்டியில் என்ன கொடுத்தீர்கள். ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதைக் கத்தியே சொல்லுங்கள், இல்லையென்றால் உள்ளே இன்னொரு முறை கொடுப்பார்கள். பாம்புக் கடியில் கயிறு கட்டியிருந்தால் உடனே அறுக்காதீர்கள் என்று சொல்லுங்கள். டிரிப் ஏற்றி, மருந்து தயாராக வைத்துக்கொண்டுதான் அவிழ்க்க வேண்டும். வாயில் சொன்னதோடு விடாமல் எழுதிய ஷீட்டையும் கையில் கொடுங்கள், மேஜை மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஷிப்ட் மாறும் காலை எட்டு மணிக்கு வருகிற கேஸ் என்றால் இரண்டு தடவை சொல்லுங்கள், வாங்கியவர் வீட்டுக்குப் போயிருப்பார். கேட்கிற சிஸ்டரும் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும்.

கோட்டைத் துடைத்த பிள்ளையைத் திட்டாதீர்கள். காலைச் சுத்தம் செய்யத்தான் நாங்கள் சொல்லிக்கொடுத்தோம்.

மேலூர்க்காரி

அம்மா, அரை நிமிடம் கேளுங்கள் என்பது படிக்க நன்றாக இருக்கிறது. அந்த நேரத்தில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருப்பது எங்கள் அப்பாவுக்கு. எங்களால் அப்படி நிற்க முடியாது.

ஆனால் கடைசியில் சொன்னீர்களே, திருப்பிச் சொல்வது, அதை நான் கண்ணால் பார்த்தேன். நாலு வழிச் சாலையில் பைக் மோதி அப்பாவுக்குத் தலையில் அடி. இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வார்ஃபரின், ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, சாப்பிடுகிறவர். வண்டியில் இருந்த பையனிடம் சொல்லியிருந்தேன். இறக்கியதும் அவன் பி.பி. சொல்லவில்லை, காயத்தைச் சொல்லவில்லை, முதல் வார்த்தையே அதுதான். அந்த சிஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்து, "வார்ஃபரின், வால்வு, கடைசி மாத்திரை நேத்து ராத்திரி. சரியா?" என்று சத்தமாகக் கேட்டார். அவன் சரி என்றான். நானும் சரி என்றேன். என்னையும் பார்த்துத்தான் கேட்டார்.

பைலட் அண்ணாவிடம் ஒரு கேள்வி. கேட்டில் ஒருவரைத்தான் விடுவார்கள் என்றால் மாத்திரைச் சீட்டு, பாட்டில் இதெல்லாம் யார் கையில் இருக்க வேண்டும்?

பைலட், உசிலம்பட்டி பக்கம்

இ.எம்.டி. கையில் தங்கச்சி. வண்டியில் ஏறும்போதே கொடுத்துவிடுங்கள். அவரை எந்த கேட்டிலும் நிறுத்த மாட்டார்கள்.