உதவி: காலையில முன்பக்கம் இறங்கி நிக்குது, அவசரம்

புங்கோல் பையன்: ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை தாங்குற ஏர் சஸ்பென்ஷன் கார். ராத்திரி நிறுத்திட்டு காலையில பார்த்தா முன்னாடி டயர் மேல உக்காந்துடுது. ஸ்டார்ட் பண்ணா ரெண்டு நிமிஷத்துல ஏறிடும். ஒர்க்‌ஷாப்ல காத்து அடிக்கிற கம்ப்ரெஸரை மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா?

வால்வு ராஜா: என்ன கார், என்ன வருஷம்? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?

ஈரக்காத்து: காத்துல ஈரத்தை உறிஞ்சுற டிரையர்தான். நம்ம ஊர் ஈரத்துக்கு உள்ள இருக்கிற மணிங்க தண்ணி குடிச்சு, ஈரம், சக்கரங்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடுற வால்வு பிளாக்குக்குப் போயிடும். அப்புறம் வால்வு சரியா மூடாது.

ஸ்பானர்13: தம்பி, ரெண்டு நிமிஷத்துல ஏறுதுன்னா கம்ப்ரெஸர் நல்லாத்தான் இருக்கு. இதுகூடத் தெரியாமலா இந்த கார் ஓட்டுறீங்க? காத்து எங்கயோ கசியுது, அதைத் தேடுங்க.

புங்கோல் பையன்: சாரிண்ணே. மெர்சிடிஸ் எஸ்350, டபிள்யூ221, 2012. வலது பக்கம் மட்டும்.

ஸ்பானர்13: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். கார்பார்க் ரேம்ப்ல வேணாம், சமதரையில நிறுத்தி சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு மூலையும் அளந்து எழுதுங்க, காலையில திரும்ப அளங்க. அப்புறம் பாத்திர சோப்பைத் தண்ணியில கலந்து ஸ்ட்ரட் (காத்துப் பையோட சேர்ந்த ஷாக் அப்சார்பர்) தலையில குழாய் நுழையுற இடத்துலயும் ரப்பரோட அடிமடிப்புலயும் அடிங்க. சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தா மடிப்பு நீண்டு வெடிப்பு மறைஞ்சிடும். கார் தன் உயரத்துல நிக்கும்போதே ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சுப் பாருங்க. காத்தை மட்டும் நம்பிக் கீழ கைய விடாதீங்க, ஸ்டாண்டு கட்டாயம்.

வால்வு ராஜா: குமிழ் வரலேன்னா கம்ப்ரெஸர்லேர்ந்து வர்ற குழாயை பிளாக்குல கழட்டி, அந்த வாயில சோப்புத் தண்ணி வைங்க. குமிழ் வந்தா வால்வு உள்ளுக்குள்ள கசியுது.

ஈசூன் டாக்ஸி: எதுக்கு இவ்வளவு? காயில் ஸ்பிரிங் போட்டு முடிங்க. கார் வச்சுக்குற உரிமம் அஞ்சு வருஷ சிஓஇதானே, திரும்பப் புதுப்பிக்க முடியாது.

ஸ்பானர்13: எச்சரிக்கை விளக்கு நிரந்தரமா எரியும், ஆட்டத்தை அடக்குற டேம்பிங்கை மாத்துற வசதியும் போயிடும். அதுக்கு சாதா கார் வாங்கலாமே?

ஈசூன் டாக்ஸி: சாகப்போற வண்டிக்குப் பட்டுவேட்டி கட்டுறீங்க லா.

வால்வு ராஜா: சிஓஇ சண்டைக்கு வேற இழை இருக்கு.

புங்கோல் பையன்: வலது ஸ்ட்ரட் அடிமடிப்புல குமிழ். ஆர்டர் பண்ணிட்டேன். நன்றி.

ஈரக்காத்து: இருந்தாலும் டிரையரைப் பாருங்க.

ஸ்பானர்13: புது ஸ்ட்ரட்டை வெறுமையா வச்சு எடையை இறக்கினா மடிப்பு நசுங்கிக் கிழியும். முதல்ல ஸ்கேனர் வழியா காத்து ஏத்துங்க, பிறகுதான் ஜாக்கை இறக்கணும். கசிவோட இத்தனை நாள் ஓடினதுல கம்ப்ரெஸருக்கு கரண்ட் விடுற சுவிட்சான ரிலேயோட முனைங்க கருகியிருக்கும். அது ஒட்டிக்கிட்டா மோட்டார் நிக்காம ஓடி எரிஞ்சிடும். மலிவான பொருள்தான், சேர்த்தே மாத்துங்க.

ஸ்பானர்13: தம்பி, ரிலே மாத்தினீங்களா?