ஹங்கேரிப் பயணம்: சாப்பாடு, ஒயின், பாப்ரிகா பற்றிச் சில கேள்விகள்

வழிப்போக்கன் (கேள்வி)

அக்டோபரில் ஆறு நாள் புடாபெஸ்ட், ஏகர், தொகாய் போகிறோம், நால்வர். இருவர் சைவம், பால் பொருள் சேரும், கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை. மற்ற இருவர் கோழி, மீன் மட்டும். மாடு, பன்றி கிடையாது. எங்களுக்கு எது சரிப்படும்? குலாஷ் கோழியில் கிடைக்குமா? ஒயினும் பாலிங்காவும் (பழத்தில் வடித்த மது) எப்படிக் கேட்டு வாங்குவது? அங்கே வாங்கும் பாப்ரிகாத் தூள் (ஹங்கேரியச் சிவப்பு மிளகாய்த்தூள்) வீட்டில் சமைத்தால் கசக்கிறது என்கிறார்களே, ஏன்?

தனூப்கரை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நாம் குலாஷ் என்பதை அங்கே "குயாஷ்" என்பார்கள். அது கெட்டிக் குழம்பு அல்ல. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட் போட்ட சூப். மாடு மேய்ப்பவருக்கே குயாஷ் என்று பெயர், அவர்கள் கொப்பரையில் காய்ச்சியது இது. கோழியில் கேட்டு அலைய வேண்டாம். வெளிநாடுகளில் குலாஷ் என்று விற்கும் கெட்டிக் குழம்புக்கு அங்கே "பொர்கொல்ட்" என்று பெயர். அதில் புளிப்புக் கிரீம் சேர்ந்தால் "பப்ரிகாஷ்".

கோழி சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்றது "சிர்கெ பப்ரிகாஷ்", கூடவே "நொகெட்லி" என்ற சிறு மாவு உருண்டைகள். ஒன்று மட்டும் கவனம்: பழைய முறையில் வெங்காயத்தைப் பன்றிக்கொழுப்பில்தான் வதக்குவார்கள். அதற்குப் பெயர் "ஜீர்". எண்ணெயா ஜீரா என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டே ஆக வேண்டும்.

மீனுக்கு "ஹலாஸ்லே", கெண்டை மீனில் செய்யும் சிவப்புச் சூப். ஸெகெத் ஊர் முறையில் சிறு மீன்களையும் வெங்காயத்தையும் வேகவைத்து, சல்லடையில் மசித்து வடித்துக் கெட்டியாக்குவார்கள். பாயா ஊர் முறையில் வடிப்பதில்லை. தீக்குச்சி போன்ற மெல்லிய நூடுல்ஸைச் சேர்த்துப் பரிமாறுவார்கள். கெண்டையில் கிளைவிட்ட சிறு முட்கள் நிறைய. "இர்தல்த்" என்று கேளுங்கள்: முள் அறுபடும்படி நெருக்கமாகக் கீறிய மீன் வரும். காரம் வேண்டுமானால் தனியாக மிளகாய் கேட்கலாம், இல்லை "எரோஷ் பிஷ்தா" என்ற மிளகாய் விழுது கேட்கலாம். ஆனால் அதில் உப்பு அதிகம், சிறிதாகக் கலக்குங்கள்.

கீரைக்கட்டு

சைவத்துக்கு "ஹூஷ் நேல்கூல்" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றிக்கொழுப்பையும் பேக்கனையும் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. "ஜீர் நேல்கூல், ஸலொன்னா நேல்கூல்" என்று இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள். ஸலொன்னா என்பது உப்பிட்ட, பெரும்பாலும் புகைபோட்ட பன்றிக்கொழுப்பு.

தினச் சாப்பாட்டுக்கு நல்லது "ஃபோஸெலேக்": பட்டாணி, பூசணி, கீரை, உருளைக்கிழங்கு என்று ஏதேனும் ஒரு காயை வேகவைத்து, மாவும் புளிப்புக் கிரீமும் சேர்த்துக் கெட்டியாக்கிய கூட்டு. மாவை எதில் வறுத்தார்கள் என்று கேளுங்கள். மேலே வைப்பதை "ஃபெல்தேத்" என்பார்கள். அது வேண்டாம் என்று சொல்லாவிட்டால் பொரித்த இறைச்சியோ தொத்திறைச்சியோ வந்துவிடலாம். பருப்பு, பீன்ஸ் வகைகளைச் சைவம் என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் புகைபோட்ட பன்றி உள்ளே இருக்கும்.

காளான் பப்ரிகாஷும் பொரித்த சீஸும் எங்கும் உண்டு. ஆனால் சீஸ் பொரித்த எண்ணெயிலேயே இறைச்சியும் பொரிந்திருக்கலாம். "தூரோஷ் சுஸா" என்பது பாலாடைக்கட்டியும் கிரீமும் சேர்ந்த நூடுல்ஸ். அருமையான உணவு, ஆனால் மேலே ஸலொன்னா தூவித்தான் தருவார்கள். லாங்கோஷ் (பொரித்த ஈஸ்ட் மாவு ரொட்டி) வாங்கினால் பூண்டுத் தண்ணீர் தடவி, கிரீமும் சீஸும் போட்டு உடனே சாப்பிடுங்கள். ஆறினால் ரப்பர் மாதிரி இழுக்கும். "ஷோம்லோயி கலுஷ்கா" என்ற கேக் இனிப்பில் ரம் உண்டு, மது தொடாதவர்கள் தவிர்க்கலாம். அவர்களுக்குக் கடைக் குளிர்பெட்டியில் இருக்கும் தூரோ ரூதியைச் சொல்வேன்: சாக்லேட் பூசிய பாலாடைக்கட்டி, 1968 முதல் வருகிறது.

தண்ணீர் பாட்டிலில் மூடி நிறம் பாருங்கள்: இளஞ்சிவப்பு சாதாரணத் தண்ணீர், நீலம் சோடா, பச்சை இலேசான சோடா. குழாய்த் தண்ணீரும் குடிக்கலாம்.

பீப்பாய்

தொகாயில் "அஸூ" இனிப்பு ஒயின். பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்வது. 2013க்குப் பின் அஸூ என்று எழுத லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை வேண்டும். இனிப்பளவைக் காட்டும் எண்ணுக்குப் "புத்தொன்யோஷ்" என்று பெயர். பழைய 3, 4 இப்போது இல்லை. 6 என்றால் குறைந்தது 150 கிராம். இனிப்பு வேண்டாம் என்றால் "ஸாரஸ்" (இனிப்பற்ற) ஃபுர்மின்ட் என்ற வெள்ளை ஒயின் கேளுங்கள். ஏகரில் பிகாவேர் என்ற சிவப்பு ஒயின், பல சிவப்புத் திராட்சை கலந்தது. ஊரை ஒட்டிய ஸேப்பஸ்ஸொன் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்த நிலவறைகளிலேயே சுவைக்கலாம்.

ஒயினில் சோடா கலந்தால் ஃப்ரோச். அளவுக்கு ஒரு பெயர்: கிஷ் ஃப்ரோச் 1 டெசிலிட்டர் ஒயின் + 1 சோடா, நொஜ் ஃப்ரோச் 2 + 1, ஹோஸ்ஸூலேபேஷ் 1 + 2, ஹாஸ்மெஷ்தெர் 3 + 2. பாலிங்கா பழத்தில் மட்டும் வடித்தது, குறைந்தது 37.5 சதவீதம். ஆப்ரிகாட், பிளம்ஸ் இரண்டும் தொடங்க ஏற்றவை. மிகக் குளிரவைத்தால் பழ மணம் எழாது. பட்டியலில் விலை 2 சென்டிலிட்டருக்கா 4க்கா என்று பாருங்கள். கார் ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. அங்கே வரம்பு பூஜ்யம்.

சிவப்புமிளகாய்

கசப்புக்குக் காரணம் சூடு. பாப்ரிகாவில் சர்க்கரை நிறைய, கொதிக்கும் கொழுப்பில் சில நொடிகளிலேயே கருகிவிடும். நம் மிளகாய்த்தூளை எண்ணெயில் வதக்குகிற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

1 கிலோ கோழிக்கு 250 கிராம் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, 3 மேசைக்கரண்டி எண்ணெயில் சிறுதீயில் 15 நிமிடம் வதக்குங்கள். பொன்னிறம் வேண்டாம், கண்ணாடிபோல் ஆகிக் குழைந்தால் போதும். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, 2 மேசைக்கரண்டி பாப்ரிகா போட்டுக் கிளறி, உடனே அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அதன்பின் அடுப்பில் ஏற்றிக் கோழி, உப்பு, ஒரு தக்காளி, ஒரு குடைமிளகாய் சேர்த்து மூடி 40 நிமிடம். கடைசியில் 200 கிராம் புளிப்புக் கிரீமில் ஒரு மேசைக்கரண்டி மைதா கரைத்து, சூடான குழம்பு இரண்டு கரண்டி அதில் விட்டுக் கலந்த பிறகே சட்டியில் ஊற்றவும். நேரே ஊற்றினால் திரிந்துவிடும்.

வாங்கும்போது "ஏதெஷ்நெமெஷ்" என்றால் காரமில்லாத உயர்தரம், "சீபோஷ்" என்றால் காரம். கலொச்சா, ஸெகெத் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். வெளிச்சம் பட்டால் நிறமும் மணமும் போய்விடும், ஆகவே சன்னல் ஓரம் தொங்கும் துணிப்பையைவிட மூடிய பொட்டலம் மேல். சிறிதாக வாங்கி ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள்.

வழிப்போக்கன்

மிக்க நன்றி. பில் கொடுக்கும்போது டிப்ஸ் எவ்வளவு?

தனூப்கரை

முதலில் பில்லில் "ஸெர்வீஸ்தீய்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். 10 முதல் 15 சதவீதம் ஏற்கெனவே சேர்த்திருந்தால் மேலே தர வேண்டியதில்லை. ரொக்கம் நீட்டும்போது "கோஸோனோம்" (நன்றி) என்று சொல்லிவிடாதீர்கள், மீதியை வைத்துக்கொள்ளச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். மீதி கைக்கு வந்தபின் சொல்லுங்கள்.