சிம்னி ஃபில்டர் கறுத்துவிட்டது, பிசுக்கு மட்டும் போகவில்லை

கேள்வி:
அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னியில் வலை மாதிரியான ஃபில்டர். ஐந்தாறு மாதமாகக் கழற்றவே இல்லை, தப்பு என்னுடையதுதான். நேற்று கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடா போட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். காலையில் எடுத்தால் வெள்ளி நிறம் போய் ஒரே கறுப்பு. தொட்டால் கையில் மை மாதிரி ஒட்டுகிறது. நடுவில் இருந்த பிசுக்கோ அப்படியே இருக்கிறது. ஃபில்டர் அவ்வளவுதானா? புதிதாக வாங்கும்வரை அது இல்லாமலே சிம்னியை ஓட்டலாமா?

பதில் 1:
உங்களுடையது அலுமினியம். சலவைச் சோடா காரம், அலுமினியத்தை அரிக்கும். ஸ்டீல் ஃபில்டராக இருந்தால் தாங்கியிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கம்பி அறுந்து ஓட்டை விழவில்லையென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், நிறம் போனதால் வேலை கெடாது. கையில் ஒட்டுகிற கறுப்பு குறையும்வரை நன்றாக அலசுங்கள்.

ஃபில்டர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். எண்ணெய்ப் புகை நேரே விசிறியிலும் மோட்டாரிலும் போய்ப் படியும். அப்புறம் அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது பெரிய வேலை.

கேட்டவர்:
ஓட்டை இல்லை. ஆனால் நடுவில் உள்ளங்கை அளவுக்கு வெளிச்சமே வரவில்லை. வினிகரும் சமையல் சோடாவும் கலந்து ஊற்றச் சொல்கிறார்களே?

பதில் 2:
ஒன்று அமிலம், ஒன்று காரம். கலந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், நுரைதான் மிச்சம்!

பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். நல்ல சுடுதண்ணீரில் கலந்து 20 நிமிடம் ஊற விடுங்கள். ராத்திரி முழுக்க விட்டதில் இன்னொரு சிக்கல்: தண்ணீர் ஆறினால் இளகின எண்ணெய் திரும்ப வலையிலேயே இறுகிவிடும். ஆறுவதற்குள் எடுத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, புதுச் சுடுதண்ணீரில் இன்னொரு முறை. கம்பி நார் வேண்டாம், வலை பிய்ந்துவிடும்.

பதில் 1:
கேட்க மறந்தேன், புகை வெளியே போகக் குழாய் இருக்கிறதா? இல்லாத மாடல் என்றால் உள்ளே கரி ஃபில்டரும் இருக்கும். அதையும் சேர்த்துத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது கழுவுவதற்கானது இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

கேட்டவர்:
குழாய் இருக்கிறது. மூன்று முறை ஊற வைத்தேன். முதல் தண்ணீர் பழுப்பு, மூன்றாவது கிட்டத்தட்டத் தெளிவு. நடுவில் இப்போது விளக்கு தெரிகிறது. ஒரு மூலையில் மட்டும் நகத்தால் சுரண்டினாலும் அசையாத பிசின், அதை விட்டுவிட்டேன். நிமிர்த்திக் காய வைத்திருக்கிறேன், ஈரம் போனதும் மாட்டுகிறேன்.